புழுவின் உடற்குழியை ஸ்லைடில் கண்டுபிடிப்பது எப்படி

குறுக்குவெட்டு ஸ்லைடை வைத்ததும் எல்லோரும் குழி இருக்கிறதா என்று தேடுவார்கள், ஆனால் முதலில் கண் போகவேண்டியது குடலுக்குத்தான். குடலுக்கும் உடற்சுவருக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் திசு அடைத்துக்கொண்டிருந்தால் அது தட்டைப்புழு, உடற்குழி அற்றது. நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது, அதில் திசு நிரம்பியிருப்பதை மட்டும் பாருங்கள்.

இடைவெளி இருக்கிறதா? சரி, இப்போது குடலின் வெளிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அஸ்காரிஸ் என்ற உருளைப்புழுவில் குடல் ஒற்றை அடுக்குச் செல்களாக, மேலே தசை எதுவும் இல்லாமல் நிற்கும், தசையெல்லாம் உடற்சுவர்ப் பக்கமே இருந்து குழிக்குள் புடைத்துக்கொண்டிருக்கும். தசையை உண்டாக்கும் நடு அடுக்கு (கருவின் மூன்று அடுக்குகளில் நடுவில் இருப்பது) குடலைப் போர்த்தாததால்தான் இதைப் பொய்யான உடற்குழி என்கிறோம். மண்புழுவிலோ குடலுக்கென்றே தசை உண்டு, குழியின் இரு பக்கமும் மெல்லிய உறை, அப்புறம் குடல் மேல்சுவர் உள்ளே மடிந்து தொங்குவதும் தெரியும். இது உண்மையான உடற்குழி.

அட்டையிடம் மட்டும் உஷார். அதுவும் மண்புழுவின் தொகுதிதான், ஆனால் குழியைத் திசு நிரப்பி வெறும் கால்வாய்களாகச் சுருக்கிவிட்டதால் தட்டைப்புழு என்று எழுதிவிடத் தோன்றும்.

குழியை மட்டும் வைத்து உறவுமுறை சொல்லிவிடாதீர்கள். 1997-இல் மரபணு ஒப்பீடு உருளைப்புழுக்களைப் பூச்சிகள், நண்டுகளோடு, அதாவது தோலுரிக்கும் விலங்குகளோடு சேர்த்துவிட்டது.