பயம் வந்தது, புத்தி வந்ததா? பிள்ளைகளைத் தண்டிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த காலம் ஒன்று இருந்தது. இன்று சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் பிள்ளையை அடிப்பதைச் சுவீடன் 1979இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. வீட்டில் எது சரி என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்கிறார்கள்.

முடிவு செய்ய ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். தண்டனை முடிந்த பிறகு பிள்ளை யாரை நினைத்துக்கொண்டிருக்கிறது? தான் கிள்ளி அழவைத்த தம்பியையா, தன்னை அடித்த அப்பாவையா? அப்பாவை என்றால், அது கற்றுக்கொண்டது நல்லது கெட்டதை அல்ல. அப்பா எப்போது வீட்டில் இருப்பார் என்பதை.

உண்மையைச் சொன்னதற்கு அடிப்பது

"உண்மையைச் சொல்லு, ஒண்ணும் பண்ண மாட்டேன்." பிள்ளை சொல்கிறது. உடனே ஒரு அறை விழுகிறது. நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். ஒரே நொடியில் இரண்டு பாடம்: உண்மை பேசினால் வலிக்கும், பெரியவர் வாக்குக்கு மதிப்பில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு, விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் பிரம்படியும் அறையும் அன்றாடம். இன்னொன்றில் அவை இல்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளிகளிலுமே பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். மூன்று வயதில் வேறென்ன செய்யும்! "பார்த்தாயா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடி விழாத பள்ளியிலும் பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் பொய் சொன்னார்கள். அடி விழும் பள்ளியில் ஏறத்தாழ எல்லோருமே பொய் சொன்னார்கள். அதோடு, "அப்படியென்றால் அது என்ன பொம்மையாக இருக்கும்?" என்று மடக்கிக் கேட்டபோது மாட்டிக்கொள்ளாமல் சமாளிக்கவும் அவர்களுக்குத்தான் நன்றாக வந்தது. பிரம்பு ஆசையை அடக்கவில்லை, பொய்க்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது.

ஆகவே ஒன்று, என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியுமென்றால் கேட்காதீர்கள். "பேனாவால சுவத்துல கிறுக்கியிருக்க, வா, துணி எடுத்துட்டு வந்து துடைக்கலாம்" என்று நேராக ஆரம்பியுங்கள். தெரியாமல் கேட்கிறீர்கள், பிள்ளையும் ஒப்புக்கொள்கிறது என்றால், அந்த ஒப்புதலுக்குக் கொஞ்சமாவது சலுகை தெரியவேண்டும்.

எவ்வளவு நஷ்டம் என்று பார்த்துத் தண்டிப்பது

ஜெனீவாவில் ழான் பியாஜே என்ற உளவியலாளர் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்த இரண்டு கதைகள், 1932இல் வந்த அவருடைய நூலில் உள்ளன. சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று ஒரு பையன் கதவைத் தள்ளுகிறான். கதவுக்குப் பின்னால் கோப்பைகள் இருந்தது அவனுக்குத் தெரியாது. பதினைந்து கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன், அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருடப்போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் பெரிய குற்றவாளி? சிறு பிள்ளைகளில் பலர் பதினைந்து உடைத்தவனைத்தான் காட்டினார்கள். வளர வளரத்தான் "வேணும்னு செஞ்சானா?" என்ற கேள்வி அவர்களுக்குள் வருகிறது.

இதில் வேடிக்கை, நாற்பது வயதிலும் நாம் சின்னப் பிள்ளை போலத்தான் தீர்ப்புச் சொல்கிறோம். கைதவறி விழுந்து இருபதாயிரம் ரூபாய் செல்போன் உடைந்தால் வீடே அதிர்கிறது. வேலை செய்யவரும் அக்காவை அதே பிள்ளை மரியாதையில்லாமல் பேசினால், "சின்னப் பையன்தானே" என்று சிரிக்கிறோம். எதற்குக் கோபப்படுகிறோம் என்பதை வைத்துத்தான் எது தப்பு என்று பிள்ளை கணக்குப் போடுகிறது.

படுக்கையில் சிறுநீர் போவதைப் போன்றவை இந்தக் கணக்கிலேயே சேராது. பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல. மருத்துவரிடம் பேசவேண்டிய விஷயம்.

கிளாஸ் லீடரிடம் பெயர் எழுதச் சொல்வது

மிஸ் வெளியே போகும்போது, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத லீடரை நிறுத்திவிட்டுப் போவார். பிறகு என்ன நடக்கும் என்பது நம் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் தெரியும். லீடருக்கு மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழிக்கப்படும், பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி ஏறும். பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதாக நினைத்து லஞ்சத்துக்குப் பாடம் நடத்துகிறோம். யாரோ ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் முட்டி போடவைப்பதும் இதே ரகம்தான்: தப்புச் செய்யாதவனுக்கும் அடி உண்டு என்றால், எதற்காக ஒழுங்காக இருப்பது?

இம்போசிஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுதுவதை வெறுக்கவைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

தண்டனையே வேண்டாம் என்று விட்டுவிடுவது

அடிக்கக்கூடாது என்பதை எதையும் கேட்கக்கூடாது என்று புரிந்துகொண்ட வீடுகளும் இருக்கின்றன. பூங்காவில் வேறொரு பிள்ளையைத் தள்ளிவிட்டு நிற்கும் மகனிடம், "அப்படிப் பண்ணலாமா கண்ணா" என்று போனைப் பார்த்தபடியே சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. மார்ட்டின் ஹாஃப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் சொல்வதன் சாரம்: பிள்ளை காதுகொடுக்கும் அளவுக்குக் கண்டிப்பு வேண்டும், ஆனால் பயத்தில் காது அடைத்துப்போகும் அளவுக்கு இருக்கக்கூடாது. காது கிடைத்ததும் பேசவேண்டியது அடிபட்ட பிள்ளையைப் பற்றி. "பாரு, முழங்கால்ல தோல் உரிஞ்சிருக்கு. அவனுக்கு எரியும். தண்ணி கொண்டுவந்து கொடு." விளையாட்டை நிறுத்திக் கூட்டிவருவதும் தண்டனைதான். ஆனால் அதன் காரணம் பிள்ளையின் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது.

"சாரி சொல்லு" என்று கழுத்தைப் பிடித்து நிறுத்தினால் சாரி வரும், வருத்தம் வராது. தட்டிவிட்டதை எடுத்துவைக்கச் சொல்லலாம், கிழித்த நோட்டை ஒட்டித் தரச் சொல்லலாம். மன்னிப்பு அதற்குப் பிறகு தானாக வந்தால் வரட்டும்.

"போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்" என்ற மிரட்டல் கூடவே கூடாது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால், அந்தப் பிள்ளை காக்கிச் சட்டையைப் பார்த்து ஒளிந்துகொள்ளும். "உன்கூடப் பேச மாட்டேன்" என்று நாள்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பலர் அடியைவிட மேல் என்று நினைக்கிறார்கள். ஆறு வயதுக்கு அம்மாவின் மௌனம் அடியைவிட லேசானதல்ல.

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்பார்கள். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஐம்பதாண்டு ஆய்வுகளை 2016இல் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளையை அடிப்பது நல்ல நடத்தையோடு சேர்ந்து வரவில்லை. முரட்டுத்தனத்தோடும் மனநலச் சிக்கல்களோடும்தான் சேர்ந்து வந்தது. முரட்டுப் பிள்ளைகளே அதிக அடி வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மைதான். எது காரணம், எது விளைவு என்பதை இதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் அடித்தால் திருந்துவார்கள் என்பதற்கு இதில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

கடைசியாக, வாய்க்கு வந்த தண்டனையை அறிவிப்பது. "ஒரு மாசம் டிவி கிடையாது" என்று ஆவேசத்தில் சொல்வோம். மூன்றாம் நாள் தாத்தா சீரியல் பார்க்கும்போது பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இன்று சாயங்காலம் மட்டும் கிடையாது என்று சொல்லுங்கள், தாத்தாவிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.