பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளைக்குத் திட்டமா?

"பிள்ளைட்ட மட்டும் சொல்லிராதீங்க சார்" என்று பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கடும் நோயுள்ள பிள்ளையின் பெற்றோர் கெஞ்சுவது பாசத்தால்தான். நோய் முற்றினால் என்ன சிகிச்சை, எங்கே என்று முன்கூட்டியே திட்டமிடும் பேச்சிலும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஆனால் 15 வயதுப் பிள்ளை மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் போனில் தேடிப் பார்த்திருக்கும். பக்கத்துக் கட்டில் காலியானதையும் கவனித்திருக்கும். மறைப்பதால் பயம் குறையாது, அதைச் சொல்ல ஆள்தான் இல்லாமல் போகும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடவும் கூடாது. "உன் நோயைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? இன்னும் என்ன தெரிஞ்சுக்கணும்?" முதல் நாளுக்கு இது போதும். "ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றால் மதியுங்கள். யாரிடம் சொல்லலாம் என்று மட்டும் கேட்டுவைத்து, சில வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். ஆச்சியும் மாமாவும் கட்டிலைச் சுற்றி நிற்கையில் கேட்டால் "அம்மா சொல்றபடி" என்றுதான் பதில் வரும். முதலில் தனியாக, பிறகு பெற்றோரோடு.

ஐசியூ வாசலில் "வென்டிலேட்டர் வைக்கவா?" என்று பேச்சைத் தொடங்குவது இன்னொரு தவறு. டுஷேன் தசைச் சிதைவில் (உடம்பின் தசைகள் மெல்ல மெல்லப் பலமிழக்கும் மரபணு நோய்) மூச்சுத் தசைகள் தளர்வது முதலில் தூக்கத்தைத்தான் பாதிக்கும்: காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. மூச்சுக்கு உதவ இரவில் போடும் மாஸ்க் கருவி பற்றிப் பேசும்போதே, பின்னாளில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதா என்பதையும் தொட்டுவிடலாம். எதற்குப் பயம் அதிகம், வலிக்கா, மூச்சுத்திணறலுக்கா, தனிமைக்கா? வீடா, ஆஸ்பத்திரியா? பள்ளிக்கூடம் போக ஆசையா? கருவி பற்றிய முடிவு இந்தப் பதில்களிலிருந்து வர வேண்டும். பேசினாலே சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்பது வீண் பயம். கீமோவும் ரத்தம் ஏற்றுவதும் தொடரலாம்.

பிள்ளையின் விருப்பத்தைப் பதிய நோட்டரியிடம் அலைய வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் எளிதாக்கிய முன்கூட்டிய மருத்துவ உயில் (பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது) 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான். அதற்குக் கீழே கையெழுத்து பெற்றோருடையது. பிள்ளை சொன்னதை டாக்டர் கேஸ் ஷீட்டில் தேதியோடு எழுத வேண்டும். நோய் திரும்பினாலும், ஐசியூவிலிருந்து மீண்டு வந்தாலும் மறுபடி கேட்க வேண்டும்.

எழுதியதைப் பீரோவில் பூட்டுவதுதான் எங்கள் பார்வையில் பெரிய வீண். ராதாபுரம் பக்கத்து ஊருக்கு இரவு 2 மணிக்கு வரும் 108 ஊழியருக்கு எதுவும் தெரியாது. நோய், மருந்து, திணறலுக்கு முதலில் செய்ய வேண்டியது, அழைக்க வேண்டிய எண், பிள்ளையின் விருப்பம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். இரண்டு பேர் போனில் அதன் படம், மக்களைத் தேடி மருத்துவம் செவிலியரிடம் ஒரு நகல். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தைக் கொடுத்தால் முடிவு வந்துவிட்டது என்று ஒளித்துவைக்காதீர்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரமே தாங்கும். டாக்டர் எழுதிய அளவை நேரம் பார்த்துக் கொடுங்கள், மலச்சிக்கல் மருந்தும் கூடவே. எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, தீர ஐந்து நாள் இருக்கும்போதே கிளம்புங்கள்.