வயிறு ஒத்துழைக்காத நாய்க்குப் பச்சை எலும்பு: அவசரத்தில் செய்கிற தவறுகள்

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பல வீடுகள் அப்படித்தான். மாதம் முடிந்ததும் கறிக்கடைக்குப் போனால் வாசல் தாண்டி வரிசை நிற்கும். ஒரு மாதமாகப் பருப்பையே பார்த்த நாயின் மேலும் அன்றைக்கு எல்லோருக்கும் இரக்கம் வந்துவிடும். "அண்ணா, நாய்க்கும் எலும்பு போடுங்க" என்றால் போதும், மாட்டுத் தொடையெலும்பை ரம்பத்தில் துண்டு போட்டு ஒரு பை நிறையத் தருவார்கள். எங்கள் அடுப்பில் மாட்டுக்கறி ஏறியதே இல்லை. நாய்க்கு மட்டும் விதிவிலக்கு.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பையில் பாதியை மணியின் முன்னால் கொட்டினேன். மணி அதற்கு முன்பே வயிறு சரியில்லாத நாய். தீனிப் பை மாறினாலே இரண்டு நாள் வயிற்றால் போகும். அன்று இரவு நான்கு முறை கதவைச் சுரண்டியது, கடைசி முறை சளியோடு போனது. மறுநாள் மருத்துவர் "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. புது இறைச்சி, மஜ்ஜைக் கொழுப்பு, எலும்பு, அளவு என்று நான்கையும் ஒரே நாளில் மாற்றியிருந்தேன். எது ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாய் ஏற்கெனவே ஆட்டுக்கறி கலந்த தீனியைத் தொந்தரவில்லாமல் சாப்பிடுகிறதா? அப்படியானால் முதல் எலும்பும் ஆட்டெலும்பாகவே இருக்கட்டும். முதல் நாள் ஐந்து, பத்து நிமிடம் கடித்ததும் வேறொரு தின்பண்டத்தைக் காட்டி எலும்பை வாங்கிவிடுங்கள். அப்புறம் மூன்று, நான்கு நாள் மலத்தைப் பாருங்கள். அந்த நாட்களில் புது பிஸ்கட், தயிர், பிராயில் (வெளியில் தணலில் இறைச்சி சுடும் விருந்தில்) மிஞ்சிய போயர்வொர்ஸ் தொத்திறைச்சி எதுவும் வேண்டாம்.

மஜ்ஜை எலும்பில் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. பலவீனமான வயிற்றைக் கலக்க அதுவே போதும், கணையம் வீங்கவும் வழி உண்டு. ஒரு முறை கணைய அழற்சி வந்த நாய்க்கு எலும்புப் பேச்சே வேண்டாம். மாட்டுத் தொடையெலும்பு அதன் எடையைத் தாங்கிய எலும்பு, கல் மாதிரி. அதைக் கடித்து மேல் கடைவாயின் பெரிய பல் பிளந்த நாய்கள் ஏராளம். வளையமாக அறுத்த துண்டு கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. எடுக்க மருத்துவரிடம் மயக்க ஊசிதான் போட வேண்டும். கொழுப்பை வெட்டியெடுத்த ஆட்டுக் கழுத்து இதைவிட எவ்வளவோ மேல். கிடைத்தால் நெருப்புக்கோழிக் கழுத்தும் நல்லது, அந்த இறைச்சியில் கொழுப்பு குறைவு.

கோழிக் கழுத்துதான் மலிவு, எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டு தயக்கம். அவசரக்கார நாய் அதை மெல்லாமல் முழுசாக விழுங்கிவிடும். இன்னொன்று, பச்சைக் கோழி, குறிப்பாகக் கழுத்து தின்ற நாய்களுக்குக் கால்கள் செயலிழக்கும் ஓர் அரிய நரம்பு நோய் வரும் அபாயம் கூடுதல் என்று 2018இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கோழியில் இருக்கும் கேம்பைலோபாக்டர் கிருமி மேல்தான் சந்தேகம்.

பசியோடு கொடுத்தால் நன்றாக ஜீரணமாகும் என்பது ஊரில் சொல்லும் கதை. பசித்த நாய் கடிக்காது, விழுங்கும். வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், அதன் தலையைவிடப் பெரிய துண்டாகக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். சின்னத் துண்டாகத் தேய்ந்ததும் குப்பையில் போட்டுவிடுங்கள். நாளைக்கும் ஆகும் என்று வைக்க வேண்டாம். எலும்பு அதிகமானால் மலம் சுண்ணாம்புபோல வெளுத்து, உதிர்ந்து, வெளியே வர மறுக்கும். ஆயா விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்வார்கள். உள்ளே கூர்மையான துண்டு அடைத்திருந்தால் அது ஆபத்தில் முடியும். முக்கிக்கொண்டே இருக்கும் நாய்க்கு மருத்துவர்தான் மருந்து.

வெந்த எலும்பைப் பற்றி ஒரே வரி: குழம்பிலிருந்து எடுத்த ஆட்டெலும்போ கோழியெலும்போ வேண்டவே வேண்டாம். அது கூராகச் சிதறும், அதில் ஒட்டிய மசாலாவில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டுமே நாய்க்கு நஞ்சு.

இனி நான் இன்னும் முக்கியமாக நினைப்பது. "என் நாய்க்கு வயிறு வீக்" என்று நாமே பேர் வைத்துவிடுகிறோம், ஏன் என்று பார்ப்பதில்லை. டர்பன் பக்கத்து நாய்களில் ஸ்பைரோசெர்கா என்ற புழு சகஜம். சாணி வண்டு வழியாக நாய்க்குள் போய், வளர்ந்தபின் உணவுக்குழாய்ச் சுவரில் கட்டிகட்டியாகக் குடியிருக்கும். நாய் தின்றதை அப்படியே கக்கும், எச்சில் ஒழுகும், மெலியும். வீட்டுக்காரர் வயிற்றுக் கோளாறு என்பார். கட்டியால் குறுகிப்போன குழாயில் எலும்பை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். சில கட்டிகள் புற்றாகவும் மாறும். வண்டைத் தின்ற பல்லி, வெளியில் மேயும் கோழி வழியாகவும் அந்தப் புழு வரும். அதனால் ரன்னிங் ஃபவுல் என்கிற அந்த மேயும் கோழியை வாங்கி வீட்டில் அறுக்கிறவர்கள் அதன் பச்சைக் குடலையும் இரைப்பையையும் நாய்க்கு வீச வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறு உண்டு. எலும்பு கொடுத்த வாரத்தில் நாய் சுருண்டு படுத்தால் பழியை எலும்பின் மேலேயே போடுவது. ஈறு வெளுத்திருக்கிறதா, சிறுநீர் கருஞ்சிவப்பா, காதுமடலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி பரப்பும் பிலியரி என்ற ரத்த நோய் இங்கே நாய்களைச் சில நாட்களில் கொன்றுவிடும். பட்டினி போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்க அதில் நேரமில்லை.

சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். உறையவைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் எங்கள் ஃப்ரீசரில் எலும்பு எத்தனை தடவை இளகி மறுபடி உறைந்ததோ. நன்றாக இளகிப்போனதை மணிக்குக் கொடுக்காமல் தூக்கிப் போட்டேன். 2017-18இல் போலோனி என்ற பதப்படுத்திய தொத்திறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா இந்த நாட்டில் 200 பேருக்கு மேல் பலிகொண்டது. பச்சை இறைச்சியிலும் அந்தக் கிருமி இருக்கலாம். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாராவது இருந்தால் இந்த வேலையே வேண்டாம். மற்றவர்கள் கழுவக்கூடிய சிமெண்ட் தரையில் கொடுங்கள், கம்பளத்தில் வேண்டாம். கொஞ்ச நேரத்துக்குப் பிள்ளைகளின் முகத்தை நாய் நக்கவும் விடாதீர்கள்.

மருத்துவர்கள் பலர் பச்சை எலும்பே கூடாது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். முயற்சி செய்கிறவர்கள் திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கிளினிக் போங்கள்.

மணிக்கு இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆட்டுக் கழுத்து, சனிக்கிழமை காலையில், பத்து நிமிடம். அன்று காலையில்தான் கொடுப்பது, ஏதாவது ஆனால் மத்தியானம் வரை கிளினிக் திறந்திருக்கும் என்பதற்காக. மற்ற நாட்களில் ஃப்ரிஜ்ஜில் குளிர்ந்த கேரட். புரட்டாசியில் அதற்கும் எங்களுக்கும் ஒரே சாப்பாடு, உப்பும் தாளிப்பும் இல்லாமல்.