மாரடைப்புக்குப் பின் முதல் வாரம்: வீட்டார் கவனிக்க வேண்டியவை

நெஞ்சுநோ தணிந்ததும் கண்டம் கழிந்துவிட்டதென்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் குருதியின்றி இறந்த இதயத்தசை, தழும்பாகி இறுகுமுன் மெலிந்து கிடக்கும் நாட்கள் அவைதான். முதல் 24 மணித்தியாலத்திலோ மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையிலோ அது கிழியக்கூடும். அடைப்பை விரைந்து நீக்கும் சிகிச்சை வந்தபின் இது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. நேர்ந்துவிட்டால் சத்திரசிகிச்சையின்றிப் பிழைப்பது மிக அரிது.

முதியவர்களுக்கும், முதன்முறை மாரடைப்பு வந்தவர்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தியசாலைக்குப் பிந்தி வந்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். நெடுந்தீவில் இரவு நோவெடுத்து, வாயுவென்று இஞ்சி அவித்துக் குடித்துவிட்டு, விடிந்தபின் படகேறிக் குறிகட்டுவான் வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வருபவர் அத்தகையவர். ஏச்சு விழுமென்று அஞ்சி நோ தொடங்கிய நேரத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். வைத்தியரின் முடிவுகள் அந்த நேரத்தைப் பொறுத்தே அமைகின்றன.

கிழிவு மூன்று இடங்களில் ஏற்படலாம். வெளிச்சுவர் கிழிந்தால் குருதி இதய உறைக்குள் தேங்கி இதயத்தை நெரிக்க, நோயாளி திடீரென மயங்கி விழுவார். இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவர் துளைபட்டாலோ, இதயத்தின் ஈரிதழ் வால்வைத் தாங்கும் தசைகளுள் ஒன்று அறுந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அத்தசைகளுள் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒரே நாடியே குருதி கொடுப்பதால், “சின்ன அற்றாக்தான்” என்று சொல்லப்பட்டவருக்கும் அது அறுவதுண்டு.

ஆகவே, படுக்க முடியாமல் எழுந்து உட்காருதல், இளஞ்சிவப்பு நுரையுடன் இருமல், குளிர்ந்த வியர்வை, சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாற்றம், அடங்கிய நோ மீண்டும் வருதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், விடுதியிலாயின் தாதியரை உடனே அழையுங்கள்; வைத்தியர் நெஞ்சில் புதிய இரைச்சல் கேட்கிறதா என்று பார்த்து எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும்) பரிசோதனை செய்விப்பார். வீட்டிலாயின் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, மாரடைப்பு வந்து எத்தனை நாள் என்பதை முதலில் சொல்லுங்கள். மூச்சுத் திணறுபவரைச் சாய்த்து உட்கார வையுங்கள், மயங்குபவரைக் கிடத்துங்கள். நடக்கவிடாதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். உடல் குளிர்ந்து மயக்கம் வருபவருக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையும் கூடாது. அது குருதியமுக்கத்தை மேலும் வீழ்த்தும். வைத்தியசாலையிலிருந்து வீடு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டை மறவாமல் கூடவே கொண்டுசெல்லுங்கள்.