செத்த காடையை முதலில் பாருங்கள், கூண்டை அப்புறம் பார்க்கலாம்

காலையில் தீவனம் போடப் போனால் ஒரு காடை விறைத்துக் கிடக்கிறது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. மற்றவை எதுவும் நடக்காததுபோல் கொத்திக்கொண்டிருக்கின்றன. புதிதாக வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் ஒன்று மருந்து வாங்க ஓடுவார்கள், இல்லையென்றால் செத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தப் பறவையிடம்தான் பாதி பதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

படி 1: உடலைப் பாருங்கள்

கையுறை அல்லது பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு எடுங்கள். அதற்கு முன்னால், கிடக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

தலையை மட்டும் காணோம், உடல் கம்பி ஓரத்தில் கிடக்கிறது என்றால், ஏதோ ஒன்று வெளியே நின்றபடியே வலைக்கண் வழியாக இழுத்திருக்கிறது. கால், விரல் கடிபட்டிருந்தால் கீழே இருந்து வந்த எலி. ஒரே இரவில் பல காடைகள் கழுத்தில் கடிபட்டு, தின்னப்படாமல் கிடந்தால் கீரி, மரநாய் போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். இறகுகூடச் சிதறாமல் பறவை மாயமாகிவிட்டால் பெரும்பாலும் பாம்பு. தலை, கழுத்து இறகெல்லாம் ஈரமாக ஒட்டியிருந்தால், விழுங்கப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறது. விழுங்கிய பாம்பு வயிறு பெருத்து, வந்த வழியே வெளியேற முடியாமல் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதும் உண்டு. பார்க்காமல் கையை விடாதீர்கள்.

உச்சந்தலையிலும் பின்கழுத்திலும் தோல் உரிந்திருந்தால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறது: இன்னொரு காடை, அநேகமாக ஆண். 1 ஆணுக்கு 3 முதல் 5 பெட்டை என்று வைத்துக்கொண்டு, மிச்ச ஆண்களைப் பிரித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தானாகச் செத்த காடையையும் எலி கடிக்கும். கடித்த இடத்தில் ரத்தமே இல்லையென்றால் எலி வந்தது சாவுக்குப் பிறகாக இருக்கலாம்.

படி 2: தலையில் இறகை விலக்கிப் பாருங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். மேலே காயம் தெரியாது, இறகை விலக்கினால் மண்டையில் ரத்தம் கட்டியிருக்கும், கழுத்து தொளதொளவென்று ஆடும். திடுக்கிட்ட காடை நெட்டுக்குத்தாக மேலே எழும்பும். கூரையில் மோதிக் கழுத்து முறியும். அதனால் கூண்டு 25, 30 செ.மீ. உயரத்தோடு நிற்க வேண்டும், அல்லது ஆள் உயரத்துக்கு மேல் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 60 செ.மீ. என்று வைத்தால், வேகம் எடுக்க இடமும் இருக்கிறது, மோதக் கூரையும் இருக்கிறது. உயரத்தை மாற்ற முடியாவிட்டால் கூரைக்கு அடியில் துணியோ மெல்லிய பிளாஸ்டிக் வலையோ தளர்வாகக் கட்டுங்கள்.

நான் இரண்டு வாரத்தில் நான்கு காடைகளை இப்படி இழந்தேன். தீவனத்தை மாற்றினேன், வைட்டமின் கொடுத்தேன், பயனில்லை. கடைசியில் ஒரு நாள் இரவு கூண்டைச் சுற்றிலும் மேலேயும் மாவு தூவி வைத்தேன். விடிந்து பார்த்தால் கூரை முழுக்கப் பூனைத் தடம். வலை கிழியவில்லை, கம்பி வளையவில்லை. அது மேலே நடந்துபோனதே போதுமாக இருந்திருக்கிறது. மேலே பலகை போட்டு, இரவில் மூன்று பக்கமும் மறைத்து, காற்றுக்கு ஒரு பக்கத்தைத் திறந்து வைத்த பிறகு சாவு நின்றது.

படி 3: வலையும் தாழ்ப்பாளும்

அறுகோணக் கண் உள்ள கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், எதையும் வெளியே நிறுத்தாது. 12 மி.மீ. கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும், ஆகவே அது தொல்லையென்றால் இன்னும் சிறிய கண். ஆணி அடித்து நிறுத்தாமல் வாஷர் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாளும் வேண்டும்.

கூண்டைக் கால் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். எறும்பு குஞ்சுகளைக் கொல்லும், அதனால் ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும். சிந்திய தீவனத்தை மாலையே கூட்டிவிடுங்கள். தீவனம் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். கூண்டருகே எலி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 4: இதில் எதுவும் இல்லையென்றால்

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். ஆழமான தண்ணீர்த் தட்டில் மூழ்கியும் சாகும், தட்டில் கூழாங்கல் போடுங்கள். பெரிய பறவைகளில் வெயில், முட்டை அடைப்பு, பூஞ்சை பிடித்த தீவனம், குடல் நோய் எல்லாம் வரிசையில் நிற்கும். உடலை வெளியிலிருந்து பார்த்து இவற்றைப் பிரித்தறிய நம்மால் முடியாது.

இரண்டு நாளில் இரண்டு செத்தாலோ, மீதமுள்ளவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். உடலைப் பையில் கட்டி, உணவுப் பொருள் இல்லாத ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை கெடும். கூட்டமாகச் சாகிறது என்றால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், நாய்க்கும் போடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

படி 5: ஒரு நோட்டு

தேதி, ஆணா பெட்டையா, கூண்டில் எந்த மூலை. அவ்வளவு எழுதினால் போதும். நான் அப்போது எழுதவில்லை. எழுதியிருந்தால் நான்கும் ஒரே பக்கத்தில் செத்தது முதல் வாரமே கண்ணில் பட்டிருக்கும். பூனை குதித்து இறங்கும் மதில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.