கௌபாய் காதல் கதை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பட்டணத்துப் பெண் ஒருத்தி அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலோ மான்டானாவிலோ ஒரு சின்ன ஊருக்கு வருகிறாள். பாட்டி விட்டுப்போன வீட்டை விற்க வந்திருப்பாள், இல்லையென்றால் வழியில் கார் மக்கர் செய்திருக்கும். தொப்பி போட்ட, அதிகம் பேசாத ஒருவன் எதிர்ப்படுகிறான். மூன்றாம் அத்தியாயத்திலேயே பற்றிக்கொள்கிறது. இந்தக் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுதலாம். கடைசியில் இருவரும் சேர்வார்கள் என்று தெரிந்துதான் வாசகர்களும் வருகிறார்கள். கதை பெரும்பாலும் படுத்துவிடுவதற்குக் காரணம், நாயகன் காலையிலிருந்து இரவு வரை என்ன வேலை பார்க்கிறான் என்று எழுதுபவருக்கே தெரியாததுதான்.

பல கதைகளில் அவன் எந்நேரமும் வேலியில் சாய்ந்து நிற்கிறான். மாட்டுப் பண்ணையில் அதற்கு நேரம் ஏது? பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பசுக்கள் கன்று ஈனும் காலம். மே, ஜூனில் கன்றுகளுக்குச் சூடு போட்டு அடையாளம் இடுவார்கள். அப்புறம் மந்தையை மலை மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் புல் அறுத்துக் கட்டு போடுவது. அக்டோபர் வாக்கில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்பது. பல பண்ணைகளுக்கு வருடத்தில் பெரிய தொகை கையில் வருவது அந்த ஒருமுறைதான். குளிர்காலம் முழுக்க, பனி கொட்டினாலும், தினமும் புல்கட்டைப் பிரித்துப் போட வேண்டும். எந்த மாதத்தில் கதை நடக்கிறது என்று முடிவு செய்யாமல் எழுத உட்கார்ந்தால், கிறிஸ்துமஸ் சமயத்தில் புல் அறுக்கும் நாயகன் வந்துவிடுவான்.

மாதத்தை முடிவு செய்துவிட்டால், காதல் ஏன் இவ்வளவு சீக்கிரம் பற்றியது என்பதற்கும் காரணம் கிடைத்துவிடும். மார்ச் மாத இரவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. தலையீற்றுக் கிடேரிகளை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தாக வேண்டும். ஒன்றுக்கு வலி எடுத்து நேரம் ஆகியும் கன்று வரவில்லை. அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே கையை விடுகிறான், கன்றின் முன்னங்கால்களில் சங்கிலி மாட்டுகிறான், கிடேரி முக்கும்போது மட்டும் இழுக்கச் சொல்லி இன்னொரு முனையை அவளிடம் கொடுக்கிறான். கன்று ஈரத்தோடு விழுகிறது. துடைக்காமல் விட்டால் காது உறைந்துபோகும். பிக்கப் வண்டிக்குள், ஹீட்டர் காற்று படும் இடத்தில் அதைப் படுக்க வைக்கிறார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும்.

பக்கத்துப் பட்டியில் வேறொரு பசுவின் கன்று செத்துக் கிடக்கிறது. அவன் அதன் தோலை உரித்து, தாயை இழந்த ஒரு கன்றின் முதுகில் கட்டிவிடுகிறான். பசு முகர்ந்து பார்க்கிறது. தன் கன்றின் வாசனை இருப்பதால் மடியைக் கொடுக்கிறது. அங்கே இன்றைக்கும் செய்வதுதான் இது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா, கத்தியைப் பிடித்துக் கொடுக்கிறாளா? அந்த ஒரு நிமிடம், ‘அவன் பார்வையில் மின்சாரம் பாய்ந்தது’ என்ற பத்து வரிகளுக்குச் சமம். இப்படி நாலு இரவு சேர்ந்து தூக்கம் கெட்டவர்கள் ஐந்தாம் நாள் முத்தமிட்டுக்கொண்டால் எந்த வாசகரும் அவசரம் என்று சொல்லமாட்டார்.

வேகமான காதலில் இன்னொரு பள்ளமும் உண்டு. மெதுவாக வளரும் கதையில் ‘சேர்வார்களா’ என்ற கேள்வியே கடைசிவரை இழுத்துப்போகும். இங்கே அந்தக் கேள்வி சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ‘இனி என்ன செய்வார்கள்’ என்பதுதான். அதற்குப் பதில் யோசிக்காதவர்கள், நடுவில் பழைய காதலியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் சந்தேகத்தைப் பதினைந்து அத்தியாயம் ஓட்டுகிறார்கள். நிஜமான சிக்கலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அப்பா இறந்துவிட்டார், நகரத்தில் இருக்கும் தங்கை தன் பங்கைப் பணமாகக் கேட்கிறாள், நிலத்தை விற்காமல் கொடுக்க வழியில்லை. நம் வாசகருக்குப் பாகப்பிரிவினையை விளக்கவா வேண்டும்?

இதில்தான் ‘பணக்கார கௌபாய்’ என்ற தப்புக் கணக்கும் வருகிறது. ஐயாயிரம் ஏக்கர் என்றவுடன் கோடீஸ்வரன் என்று எழுதிவிடுகிறார்கள். வயோமிங்கின் வறண்ட பகுதிகளில் ஒரு பசுவும் கன்றும் ஒரு வருடம் மேய முப்பது, நாற்பது ஏக்கர் தேவைப்படும். ஐயாயிரம் ஏக்கரில் நூற்றைம்பது பசு தேறினால் பெரிது. நிலத்தின் மதிப்பு ஒருபக்கம் ஏறிக்கொண்டிருக்கும், பண்ணைக்காரர் வங்கிக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அவர் முதலாளி, சம்பளத்துக்கு மாடு மேய்ப்பவன் வேறு ஆள். உங்கள் நாயகன் இந்த இருவரில் யார் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ‘உங்களிடம் எத்தனை மாடு?’ என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். நாயகி முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் அதைக் கேட்டுத் தொலைத்தால் நல்ல காட்சி கிடைக்கும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, முரட்டு ஆண் என்றால் மரியாதை கெட்டவன் என்று எழுதுவது. முதல் சந்திப்பிலேயே கையைப் பிடித்து இழுப்பான், அதட்டுவான், அவள் அதில் மயங்குவாள். இது நம் தொடர்கதைப் பழக்கம். அந்த ஊரில் ஒட்டாது. அங்கே பெண்ணைப் பார்த்தால் தொப்பி விளிம்பைத் தொட்டு ‘மேம்’ என்பான். கத்துகிறவன் நல்ல மாட்டுக்காரனும் இல்லை. சத்தம் போட்டால் மந்தை மிரண்டு சிதறும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் பல பத்தாண்டுகளாக எடுத்துச் சொல்வதும் கால்நடைகளை மிரட்டாமல், அவற்றின் பார்வை புரிந்து நகர்த்த வேண்டும் என்பதைத்தான். முரடு அவன் உள்ளங்கையில், ஒருமுறை உடைந்து சரியாகச் சேராத விலா எலும்பில் இருக்கட்டும். (அதற்காக மிரண்ட கிடேரியை நாயகியோடு ஒப்பிட்டு வைக்காதீர்கள். அதைச் செய்தவர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.)

ஊரைப் படம் போட்ட காலண்டர் மாதிரி எழுதுவதும் வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி வயோமிங் முழுவதிலும் சுமார் 5.77 லட்சம் பேர்தான். பரப்போ இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர். அப்படிப்பட்ட மாநிலத்தின் சிற்றூரில் யாருடைய பிக்கப் எது என்று எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் வண்டி அவள் வீட்டு வாசலில் நின்றால், ஏழு மணிக்குள் தீவனக் கடை வரை செய்தி போய்விடும். பள்ளி வண்டி ஓட்டுபவரே தீயணைப்புத் தொண்டராகவும் இருப்பார், அவர் மனைவி தபால் நிலையத்தில் இருப்பார். இருவர் ரகசியமாகக் காதலிக்க அந்த ஊரில் இடமில்லை. சூடு போடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலி வாங்காமல் வந்து கைகொடுப்பார்கள். வீட்டுக்காரர் வயிறாரச் சாப்பாடு போடுவார். அன்றைக்கு யாராவது ஒரு கிழவி நாயகியின் கையில் தடுப்பூசி சிரிஞ்சைத் திணித்து ‘நீ இதைப் பார்த்துக்கொள்’ என்றால், ஊர் அவளை ஏற்றுக்கொண்டது என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

பழைய காலக் கதை என்றால் வருடம் முக்கியம். ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றது 1874. 1886-87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வேலியில்லாத பெருமேய்ச்சல் அதோடு ஏறக்குறைய முடிந்தது. அதற்கு முன் மந்தை ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் நிறையவே இருந்தார்கள். எல்லோரையும் வெள்ளைக்காரராக எழுதுவது சினிமா பார்த்து வந்த பழக்கம்.

நாயகியின் வேலையை இரண்டாம் அத்தியாயத்திலேயே தொலைத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவர், செவிலியர், கணக்காளர் என எல்லோருக்கும் அங்கே தேவை இருக்கிறது. திருமணத்தோடு முடிப்பதானால் தேதியை மட்டும் பார்த்து வையுங்கள். மார்ச் வேண்டாம், ஊரில் பாதிப்பேர் கன்றுக் கொட்டகையில் இருப்பார்கள், மாப்பிள்ளை உட்பட.