மும்பையில் சாஃப்ட்பால் அணி தொடங்குவோருக்கு: மாவட்டச் சங்கத்திலிருந்து தேசியச் சங்கம் வரை

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு மட்டையும் சில கையுறைகளும் வாங்கிவிட்டால், பேஸ்பாலைப் போன்ற மட்டைப்பந்து ஆட்டமான சாஃப்ட்பாலை ஆடத் தொடங்கிவிடலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் நாளை மகாராஷ்டிர அணிக்கு ஆட வேண்டும், அதில் பெறும் சான்றிதழ் பத்தாம் வகுப்பின் சலுகை மதிப்பெண்ணுக்கும் மாநில அரசு வேலையின் 5 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் செல்லுபடியாக வேண்டும் என்றால், அணி ஓர் அங்கீகார வரிசைக்குள் வந்தாக வேண்டும். அந்த வரிசையின் தலைமையில் இருப்பதுதான் தேசியச் சங்கம்.

படி 1: யாருக்கு என்ன பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக அளவில் இவ்விளையாட்டை நடத்துவது, பேஸ்பால், சாஃப்ட்பால் ஆகிய இரண்டின் கூட்டமைப்புகளும் 2013இல் ஒன்றிணைந்து உருவான உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு. அதன் கீழ் நம் நாட்டில் 1961இல் தொடங்கப்பட்ட இந்திய சாஃப்ட்பால் சங்கமும், அதன்கீழ் மாநிலச் சங்கங்களும், அவற்றின்கீழ் மாவட்டச் சங்கங்களும் இயங்குகின்றன. விதிகளை ஏற்று அறிவிப்பது, மாநிலச் சங்கங்களுக்கு இணைப்பு வழங்குவது, சப் ஜூனியர், ஜூனியர், சீனியர் பிரிவுகளில் தேசியப் போட்டிகளை நடத்துவது, இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பது, நடுவர்களுக்கும் ஸ்கோரர்களுக்கும் தகுதி வழங்குவது ஆகியவை தேசியச் சங்கத்தின் வேலைகள். உங்கள் அணியை நேரடியாகச் சேர்த்துக்கொள்வது அதன் வேலை அன்று. அதற்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வாசல் மாவட்டச் சங்கம்தான்.

இப்படியோர் அமைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு அமெரிக்க வரலாறே சான்று. 1887இல் சிகாகோவில் உள்ளரங்க ஆட்டமாகப் பிறந்த இவ்விளையாட்டு, பல்லாண்டுகள் ஊருக்கொரு விதியோடும் பந்துக்கொரு அளவோடும் ஆடப்பட்டுவந்தது. 1933இல் அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கம் உருவான பிறகே நாடு முழுவதற்கும் பொதுவான விதிகள் நிலைபெறத் தொடங்கின.

படி 2: உங்கள் மாவட்டம் எது?

மும்பை ஒரே ஊர்தான்; மாவட்டம் இரண்டு. தாராவி, மாட்டுங்கா, சயான், அன்டாப்ஹில் ஆகியவை மும்பை நகர மாவட்டத்தைச் சேர்ந்தவை; செம்பூர், குர்லா, முலுண்ட் ஆகியவை மும்பை புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சயானில் பயிற்சி, செம்பூரில் வீடு என்று இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம் என்பதால், ஒரு பருவத்தில் ஒருவர் எந்த மாவட்டத்தின் சார்பில் ஆடப்போகிறார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு மாவட்டத் தேர்வுகளிலும் பெயர் கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் தகுதி நீக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

படி 3: அணிக்கு ஒரு சட்ட வடிவம்

பள்ளி அணியாக இருந்தால் தலைமையாசிரியரின் கடிதத்தோடு மாவட்டச் சங்கத்தை அணுகலாம். தனிக் கழகமாக இருந்தால், 1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்வது நல்லது. மும்பையில் அதற்கு வொர்லியில் உள்ள அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். பிறகு மாவட்டச் சங்கத்தில் இணைப்புக் கட்டணம் கட்டும்போது ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

படி 4: ஆட்டக்காரர்களின் ஆவணங்கள்

தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மகாராஷ்டிரப் பள்ளிப் பதிவேட்டில் மாணவர் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே ஆதாரில் ‘மு. கார்த்திக்’ என்றும், பள்ளியில் ‘கார்த்திக் முருகேசன் நாடார்’ என்றும், பிறப்புச் சான்றிதழில் வெறும் ‘கார்த்திக்’ என்றும் ஒரே பையன் மூன்று பேராகி நிற்பான். தேசியப் போட்டிக்கான நுழைவுப் படிவத்தில் எந்தப் பெயர் போகிறதோ அதுவே சான்றிதழிலும் அச்சாகும். பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலோடு அது ஒத்துப்போகாவிட்டால் உறுதிமொழிப் பத்திரமும் அலைச்சலும்தான் மிச்சம். முதல் மாவட்டப் போட்டிக்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். வயதுப் பிரிவுக்கு மாநகராட்சி வழங்கிய பிறப்புச் சான்றிதழ்தான் வலுவான ஆதாரம். பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்யப்பட்டவற்றைச் சங்கங்கள் ஐயத்தோடு பார்ப்பதும் நியாயமே.

படி 5: விதிப்படி ஆடுகளமும் பொருள்களும்

பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய நிலைகளுக்கு) இடையே 60 அடி. பந்து எறியும் இடத்திலிருந்து, மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் வரை பெண்களுக்கு 43 அடி, ஆண்களுக்கு 46 அடி. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். மட்டையின் நீளம் 34 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மைதானத்தில் இடம் போதவில்லை என்று 50 அடியில் பழகிய பிள்ளைகள் தேர்வுக்களத்தில் முதல் பேஸைத் தொடும் முன்பே அவுட் ஆகிவிடுவார்கள். அங்கே முதல் பேஸ் வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டையாக இருப்பதையும், மோதலைத் தவிர்க்க ஓடுபவர் ஆரஞ்சுப் பகுதியை மிதிக்க வேண்டும் என்பதையும் முன்பே பழக்கிவிடுங்கள். பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போடாமல், கிரிக்கெட் பழக்கத்தில் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடுவது மும்பைப் பிள்ளைகளின் தீராத வியாதி.

படி 6: இரண்டு பாதைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மாநில விளையாட்டுத் துறை நடத்தும் பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிந்து, மாவட்டம், மண்டலம், மாநிலம் எனக் கடந்து, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டியில் முடியும். சங்கத்தின் பாதை வேறு: மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, பிறகு தேசியச் சங்கத்தின் போட்டி. ஒரு பிள்ளை இரண்டிலும் ஆடலாம். ஆனால் ஒன்றின் சான்றிதழைக் காட்டி மற்றொன்றின் பலனைக் கேட்க முடியாது. எந்தச் சலுகைக்கு எந்தச் சான்றிதழ் என்பதை அந்தந்த ஆண்டின் அரசாணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

“அகில இந்திய” என்ற பெயரோடு, பணம் கட்டினால் பதக்கம் தரும் போட்டிகளும் நடக்கின்றன. அழைப்பு வந்ததும் மாவட்டச் சங்கத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது தேசியச் சங்கத்தின் ஆண்டு நாட்காட்டியில் உள்ளதா? அத்தோடு, மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த சங்கங்களின் பட்டியலையும் ஆண்டுதோறும் பாருங்கள். அங்கீகாரம் என்றென்றைக்குமாக வழங்கப்படுவது அன்று. 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் தேசிய விளையாட்டு வாரியம் என்ற அமைப்பிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கிறது.

படி 7: போட்டி முடிந்த பிறகு

சான்றிதழோடு வேலை முடிந்துவிடாது. வேலை ஒதுக்கீட்டுக்காக மாநில விளையாட்டுத் துறை அதைச் சரிபார்க்கும். போட்டி நடந்ததற்கும் பெயர் அதில் இருந்ததற்கும் ஆதாரம் கேட்கும். ஆகவே தேர்வுக் கடிதம், அணிப் பட்டியல், ஸ்கோர் தாளின் நகல், முடிவு அறிக்கை ஆகியவற்றைப் போட்டி முடிந்த வாரத்திலேயே மாவட்டச் செயலாளரின் கையொப்பத்துடன் வாங்கி, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். சங்க நிர்வாகிகள் தேர்தலில் மாறுவார்கள்; பழைய செயலாளரைத் தேடிப் பிடித்துக் கையொப்பம் வாங்குவது எளிதன்று.